உடைய வேண்டிய ஆணி

மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் பதினாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீஸ் தெற்கு மாட வீதியில். அவருடைய வீடு அடையாற்றங்கரையில், தோட்டத்தோடு கூடிய பங்களா. தோட்டம் ஆற்றில் போய் முடியும் இடத்தில் படித்துறை. அதை ஒட்டிப் படகுக் கொட்டகை. கொட்டகையின் பக்கச் சுவரோடு ஓடு வேய்ந்த ஒரு அறை. அந்த அறையில் படகோட்டி தன் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் குடியிருந்தான். அந்த அறை அவனுக்கு இல்லாமல் போன விதத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த வருஷத்து நாட்குறிப்பு பக்கத்தில் இருக்கிறது. நினைவு தவறும் இடத்தில் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

அவன் முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். முப்பது வயது வரை கட்டுமரத்தில் கடலுக்குப் போனவன். ஒரு நாள் கரையேறும்போது அலையில் மரம் புரண்டு வலது தோளில் விழுந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதன்பின் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. துடுப்பு வலிக்க முடியாதவனையும் வலை இழுக்க முடியாதவனையும் எந்த மரத்திலும் ஏற்றமாட்டார்கள். மோட்டார்ப் படகுக்கு மட்டும் தோள் வேண்டியதில்லை. வக்கீலிடம் அவனுக்குக் கிடைத்த வேலை, அவனால் செய்யக்கூடிய ஒரே வேலை.

மோட்டார் வெளிநாட்டிலிருந்து கப்பலில், ஒரு பெட்டியில் வந்தது. படகின் பின்பலகையில் இரண்டு திருகுகளால் இறுக்கி மாட்டவேண்டும். மேலே இரண்டு சிலிண்டர், நடுவில் நீண்ட குழாய், அடியில் தண்ணீருக்குள் இரண்டு இதழ் கொண்ட வெண்கல விசிறி. மேலே உள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் கிளம்பும். படகோட்டி இடது கையால் இழுப்பான். விசிறியை அச்சோடு பிணைப்பது ஒரு சிறிய பித்தளை ஆணி. தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமன், ஒன்றேகால் அங்குல நீளம். அந்த ஆணி ஒடிந்தால் அச்சு மட்டும் சுற்றும்; விசிறி நின்றுவிடும்.

மோட்டாரோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. நாற்பத்து நான்கு பக்கம். அதைப் படித்துப் படகோட்டிக்குத் தமிழில் சொல்லும்படி வக்கீல் என்னிடம் கொடுத்தார். அப்படித்தான் நான் அந்தப் படகுக்குள் வந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஆறு நிறைந்திருக்கும்போது, கரையோரப் பங்களாக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை பந்தயம் விடுவார்கள். பாலத்திலிருந்து புறப்பட்டு, தீவைச் சுற்றிக்கொண்டு மறுபடி பாலத்துக்கு. வக்கீலுக்கு எதிரி அடுத்த பங்களாவில் இருந்த ஒரு துரை. மோட்டார் வந்த பிறகு முதல் இரண்டு வருஷமும் துரையே ஜெயித்தார். இரண்டாவது வருஷம் வக்கீலின் படகு தீவைத் தாண்டும்வரை முன்னால்தான் இருந்தது. அங்கே மணல் திட்டில் விசிறி உரசி, ஆணி ஒடிந்து, படகு நடு ஆற்றில் சும்மா மிதந்தது. துரை தொப்பியை எடுத்து ஆட்டிக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் வக்கீல் படித்துறையில் நின்று என்னிடம் சொன்னார், படகோட்டி காதில் விழுகிற தூரத்தில்:

"இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன், ஓய். அப்பறமும் தோத்தா வித்துடப் போறேன். படகே இல்லேன்னா படகோட்டி எதுக்கு, அறை எதுக்கு?"

படகோட்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். அவன் மனைவி அறை வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் நின்றது.

அடுத்த வருஷம் ஐப்பசியிலிருந்தே ஆரம்பித்தோம். கோர்ட் இல்லாத நாட்களில் காலையில் சைக்கிளில் போய்விடுவேன். சர்வே ஆபீசில் இருந்த ஒரு சிநேகிதரிடம் சங்கிலி இரவல் வாங்கி, கரையோரமாக அளந்து, நாலு பர்லாங்கு இடைவெளியில் இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டேன். முதல் கட்டையைத் தாண்டும்போது படகோட்டி கையைத் தூக்குவான், அதாவது இடது கையை. இரண்டாவது கட்டைக்கு நேரே நான் கடிகாரத்தோடு நிற்பேன். நீரோட்டத்தோடு ஒரு தடவை, எதிராக ஒரு தடவை; இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதிக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான், இரண்டைச் சேர்த்துச் செய்யக்கூடாது என்பது நான் வைத்த விதி. படகோட்டிக்கு அது பொறுக்கவில்லை.

"இப்டி ஒண்ணொண்ணா மாத்திக்கினு இருந்தா, தொர பேரன் வந்து ஜெயிப்பான் சாமி" என்றான்.

ஆனால் விதியை மீறவில்லை.

முதலில் மோட்டாரின் உயரம். அது தண்ணீரில் மிக ஆழமாக இருந்ததால் குழாயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பின்பலகையின் மேல் தேக்குச் சட்டம் வைத்து ஒன்றரை அங்குலம் உயர்த்தினோம், வேகம் கூடிற்று. இன்னும் அரை அங்குலம் உயர்த்தினோம். திருப்பங்களில் விசிறி காற்றை விழுங்கி வீணாகச் சுற்றியது. அரை அங்குலத்தைத் திரும்ப எடுத்தோம். அடுத்தது சாய்வு. மோட்டாரைப் படகோடு ஒட்டினாற்போல் வைத்தால் மூக்கு தண்ணீரில் குத்தியது. விலக்கினால் மூக்கு வானத்தைப் பார்த்தது. சாய்வை மாற்றும் துளைகளில் நடுத் துளை சரியாக இருந்தது. பிறகு பாரம். பெட்ரோல் டின்னை முன்னுக்குத் தள்ளி, அதற்கும் முன்னால் ஒரு மணல் மூட்டை வைத்ததும் படகு நிமிராமல் வழுக்கிக்கொண்டு போனது. மணல் மூட்டை படகோட்டியின் யோசனை. புத்தகத்தில் அது இல்லை.

விசிறியின் ஓரங்களில் மணலில் உரசிய பல் பல்லான காயங்கள் இருந்தன. அவற்றை அரத்தால் ராவி, இரண்டு இதழும் ஒரே எடையா என்று கத்தி முனையில் நிறுத்திப் பார்த்தோம். ஒரு இதழ் எப்போதும் கீழே வந்தது. அதைச் சரிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. இவை அத்தனையும் சேர்ந்து, நூற்று அறுபத்தெட்டு விநாடியில் தாண்டிய தூரத்தை நூற்று நாற்பத்தொன்றில் தாண்டினோம். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. கட்சிக்காரர்களின் பொய்யையே நகல் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, எழுதிய எண் எழுதியபடியே நிற்பது புதிதாக இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் வக்கீல் கல்கத்தாவிலிருந்து வேறொரு விசிறி வரவழைத்தார். இதழ்களில் முறுக்கு அதிகம்; ஒரு சுற்றில் அதிக தூரம் தள்ளும். மாட்டிப் பார்த்தோம். நூற்று இருபத்தெட்டு. ஆனால் புது விசிறியின் பாரத்தைப் பழைய பித்தளை ஆணி தாங்கவில்லை. முழு வேகத்துக்குத் திருப்பியவுடன் ஒடிந்தது. ஒரே வாரத்தில் நான்கு ஆணி.

ராயப்பேட்டையில் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போய், அதே அளவில் எஃகில் ஒரு ஆணி கடைந்து வாங்கி வந்தேன். மறுநாள் காலை கொட்டகையில் படகோட்டியிடம் கொடுத்தேன். அவன் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். பிறகு ஒடிந்த பித்தளைத் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"இது ஒடையறதுக்குன்னே வச்ச மாதிரி கீது சாமி. மண்ணுல பட்டா இது பூடும், மத்ததெல்லாம் பொழைக்கும். இரும்பப் போட்டா அப்பால எது பூடும்?"

"ஒண்ணும் போகாது" என்றேன்.

"புக்குல இன்னா போட்டுகீது?"

புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. ஐப்பசியிலேயே படித்திருந்தேன். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று எனக்கு மனப்பாடம். ஆணி ஒடிவதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. எக்காரணம் கொண்டும் எஃகு ஆணியை மாட்டக்கூடாது.

"புஸ்தகத்துல அதைப் பத்தி ஒண்ணும் போடலை."

அவன் ஆணியை மாட்டினான்.

அவனுடைய அறையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அறை என் நினைவில் இல்லை. ஆறு வாரமாக எழுதிய எண்களின் கடைசியில் நூற்று இருபத்தெட்டு நிற்கவேண்டும் என்பதே இருந்தது. பந்தயம் முடிந்த மறுநாள் பித்தளையை மாற்றிவிடுவதென்று தீர்மானித்தேன். அதைக் குறித்தும் வைத்தேன்.

பந்தயத்தில் ஜெயித்தோம். மணல் திட்டில் விசிறி உரசியது கரையிலிருந்தே கேட்டது, ஆனால் ஆணி ஒடியவில்லை. துரை இருபது கஜம் பின்னால் வந்தார். வக்கீல் படகோட்டிக்கு வேஷ்டி கொடுத்து, மழைக்கு முன்னால் அறைக்கு ஓடு மாற்றித் தருவதாகவும் சொன்னார். அவன் மனைவி உள்ளேயிருந்து எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தனுப்பினாள். நான் அவர்கள் வீட்டில் குடிக்கிறவனல்ல என்பது அவளுக்குத் தெரியும். அன்று குடித்தேன்.

நாட்குறிப்பில் வியாழக்கிழமை: "பித்தளை ஆணி மாற்றவேண்டும்." சனிக்கிழமை: "பித்தளை ஆணி மாற்றவேண்டும்." திங்கட்கிழமையும் அதே வரி. மாற்றினால் பழைய விசிறியையும் திரும்ப மாட்டவேண்டும், வேகம் குறையும், வக்கீல் காரணம் கேட்பார். அவர் தினமும் சாயங்காலம் யாராவது ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஆற்றைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை அவருடைய மாப்பிள்ளை வந்திருந்தார். வெயில் தாழ்ந்து, கடலின் ஏற்ற நீர் ஆற்றுக்குள் வர ஆரம்பித்த நேரம். நான் கையெழுத்து வாங்கவேண்டிய காகிதங்களோடு படித்துறையில் காத்திருந்தேன். ஆற்றில் எதிர்க்கரையோரம் படகோட்டியின் தங்கை புருஷன் வலை போட்டுக்கொண்டிருந்தான். ஆற்று வலைக்கு ஒரு தலைப்பைக் கட்டையில் கட்டிவிட்டு, மறு தலைப்புக் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நிற்பார்கள். மீன் முட்டுவது கயிற்றில் தெரியும் என்பதற்காக. அங்கே எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள்.

வக்கீல் இன்னும் கரையை ஒட்டிப் போகச் சொன்னாராம், மாப்பிள்ளைக்குத் தோட்டங்களைக் காட்ட. வலை இருக்கிறது என்று படகோட்டி சொல்லிவிட்டு ஒதுங்கியே திருப்பினான். ஏற்ற நீர் கயிற்றை நடு ஆறு வரை வளைத்துக் கொண்டுவந்திருந்தது. அது தண்ணீருக்கு அடியில் இருந்தது.

மோட்டாரின் சத்தம் மாறியதும் என் கை தானாகவே கடிகாரத்தை எடுத்துவிட்டது. விசிறி கயிற்றைச் சுற்றிக்கொண்டது. பித்தளையாக இருந்தால் கயிறு இறுகிய அந்தக் கணமே ஒடிந்திருக்கும். எஃகு ஒடியவில்லை. விசிறி கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. கயிற்றின் மறுமுனையில் அந்த மனிதன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு படகை நோக்கி வந்தான். படகோட்டி மோட்டாரை அணைக்கப் பார்த்தான். அணைப்பதற்குள் கயிற்றில் வந்தவன் விசிறியிடம் வந்து சேர்ந்துவிட்டான். பதினொரு விநாடி.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் தங்கை புருஷனின் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வலது கை.

இரண்டு நாள் கழித்து வக்கீல் எங்கள் இருவரையும் மாட வீதி ஆபீசுக்கு அழைத்தார். மேஜையின் மேல் புத்தகமும், கழற்றி எடுத்த ஆணியும் இருந்தன. ஆணியில் ஒரு கீறல்கூட இல்லை. படகோட்டி வாசற்படிக்கு வெளியே நின்றான்; உள்ளே வரச் சொன்ன பிறகு உள்ளே வந்து நின்றான்.

"பித்தளை இருக்க வேண்டிய எடத்துல எஃகு இருந்திருக்கு. யார் மாட்டினது?"

"நாந்தான் மாட்னேன் எசமான்."

"என்னத்துக்கு மாட்டினே? ஒடையணும்னுதானே அதை வச்சிருக்கான்?"

அவன் என்னைப் பார்த்தான். "புக்குல ஒண்ணும் போடலன்னு சாமி சொன்னாரு."

வக்கீல் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, இரண்டு வரியையும் இங்கிலீஷில் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். என் குரல் சாதாரணமாகவே இருந்தது. தினமும் அந்த அறையில் எதையாவது படித்துக் காட்டுகிறவன்தானே.

"இதை இவனுக்கு அப்பவே படிச்சுக் காட்டினீரா?"

அம்மாவின் கண் வைத்தியம், தங்கையின் கல்யாணம், அந்த ஆபீசின் நாற்காலி எல்லாம் அந்த நேரத்தில் மனசில் ஓடின என்று எழுதினால் படிக்கிறவர்கள் நம்புவார்கள். ஒன்றும் ஓடவில்லை. பதில் தயாராக இருந்தது.

"படிச்சுக் காட்டினேன்."

வீதியில் ஒரு ஜட்கா போயிற்று. பிறகு படகோட்டி சொன்னான்:

"சாமி படிச்சிருப்பாரு. எங்காதுலதான் வுழல."

அந்த ஆணியைப் பட்டறையில் கடைந்து வாங்கியது யார் என்று வக்கீல் கேட்கவில்லை. இருபது வருஷம் குறுக்கு விசாரணை செய்தவர். அடுத்த கேள்வி என்ன என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யும்படி அவனிடம் சொன்னார்.

ஞாயிறு காலையில் அவர்கள் சாமான்களைக் கட்டுமரத்தில் ஏற்றி ஆற்றோடு குப்பத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் போய் நிற்கவில்லை. பங்களாவின் சமையற்காரர் சொல்லித் தெரியும். போகும்போது அவன் மனைவி அறையைப் பெருக்கி, சாணி தெளித்துவிட்டுப் போனாளாம்.

மோட்டாரைத் தை மாதம் பழவேற்காட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். எடுத்துக்கொண்டு போக அவர் வருவதற்கு முந்தின நாள், பழைய விசிறியையும் ஒரு பித்தளை ஆணியையும் நானே மாட்டினேன். ஐந்து நிமிஷ வேலை.

மாசியில் ஒரு நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. படகோட்டி ஒரு கூரையின் நிழலில் உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவந்த வலையிலிருந்து இடது கையால் நண்டு பிரித்துக்கொண்டிருந்தான். அதற்குக் கூலியாகச் சிறு மீன் கொடுப்பார்கள். மனைவி கூடையோடு மயிலாப்பூருக்குப் போயிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்: அன்றைக்கு நான் படித்துக் காட்டவில்லை, வக்கீலிடம் சொன்னது பொய்.

"எனக்குத் தெரியாதா சாமி?" என்றான். நண்டின் கால் வலையில் சிக்கியிருந்தது. அதை எடுத்த பிறகுதான் தலையை உயர்த்தினான். "புக்கு கொண்ணாந்துகீறீங்களா? குந்துங்க. அவன் வர்ட்டும்."

தங்கை புருஷன் வந்தான். மொட்டையான கையைத் துண்டால் சுற்றியிருந்தான். என்னைப் பார்த்ததும் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

"மச்சான், இவரு ஒண்ணு படிப்பாரு. கேட்டுக்கோ" என்றான் படகோட்டி.

படித்தேன்.

"இன்னொரு தபா."

மறுபடி படித்தேன். தங்கை புருஷன் குனிந்து, எங்கே இருக்கிறது என்று கேட்டான். விரலால் காட்டினேன். அவன் தன் இடது கை விரலை அந்த இடத்தில் வைத்து, வரியின் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை இழுத்துப் பார்த்தான்.

"இவ்ளோதான் கீதா?"

இரண்டு வரிதான் என்றேன்.

அவன் எழுந்து போய்விட்டான். படகோட்டி அடுத்த நண்டை எடுத்தான்.

"எசமானாண்ட இத சொல்லுவீங்களா? சும்மா இருக்கிற அறைதானே சாமி. தோட்டத்துக்குத் தண்ணி ஊத்திக்கினாவது கெடப்பேன். பொண்ணுங்க ரெண்டும் பெர்சாய்டுச்சிங்கோ."

"சொல்றேன்" என்றேன்.

அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது: "வக்கீலிடம் சொல்லவேண்டும்." அடுத்த வாரத்திலும் இருக்கிறது. பங்குனியில் இரண்டு இடத்தில். பிறகு அந்த வரி இல்லை. அறையில் தோட்ட சாமான்களைப் போட்டு வைத்தார்கள். வக்கீல் அதன்பின் மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஒன்பதரைக்கு அவர் எதிரில் உட்கார்ந்து காகிதங்களைப் படித்துக் காட்டினேன்.